நான் கழற்றிய ஒயர்

என் மனைவி இடது கையால் சமைக்கக் கற்றுக்கொண்டாள். அதை நான் நிறுத்தினேன். இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலைக்கு இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்ற சில வருடங்களில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. காலும் பேச்சும் மெல்ல மெல்ல ஓரளவு திரும்பின. கை திரும்பவில்லை.

அதுவரை நான் வெந்நீர்கூட வைத்தவன் இல்லை. அதன் பிறகு நான்தான் சமைத்தேன். களி கிண்டினால் கட்டி தட்டியது. குழம்பில் ஒருநாள் உப்பு அதிகம், ஒருநாள் புளி அதிகம். அவள் தலை குனிந்தபடி சாப்பிட்டு முடிப்பாள். ஆனால் தெருவில் என் பெயர் ஏறிக்கொண்டே போனது. "சாரு பொண்டாட்டிய தங்கமாட்டம் பாத்துக்கறாரு" என்று பால் வாங்கும் இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் தங்கள் கணவர்களுக்கு என்னைச் சுட்டிக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் எனக்குக் கிடைக்காத மரியாதை அது. எனக்குப் பிடித்திருந்தது. காய்கறிப் பையைக்கூட எல்லாரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒருமுறை வந்தபோது ஒரு ரோஸ்டர் ஓவன் வாங்கி வந்தாள். மேடைமேல் வைக்கும் நீள்வட்டப் பெட்டி. உள்ளே ஒரு அகலமான பாத்திரம், மேலே மூடி, முன்பக்கம் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கேஸ் அடுப்பை ஒற்றைக் கையால் பற்றவைக்க முடியாது. கிளறும்போது சட்டி சாயும். இது சாயாது, தீ இல்லை, திருகினால் போதும். ஒயர் குட்டையாக இருந்ததால் நான்தான் நீளமான ஒயராகப் போட்டு, பெரிய மூன்று முனை ப்ளக் மாட்டிக் கொடுத்தேன்.

முதல் வாரம் எல்லாம் தீய்ந்தது. இரண்டாவது வாரம் சாமைச் சோறு உதிரி உதிரியாக வந்தது. கத்தரிக்காயை எண்ணெய் தடவி முழுதாக உள்ளே வைத்து, தோல் சுருங்கியதும் எடுத்து, கிண்ணம் நகராமல் இருக்க அடியில் ஈரத் துணி போட்டு, இடது கையாலேயே கடைந்தாள். வேர்க்கடலை வறுத்தாள். சக்கரவள்ளிக் கிழங்கு சுட்டாள். அவரைக்கொட்டைக் காலம் வந்ததும் காயின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு மறு நுனியிலிருந்து விரலால் பிளந்து கொட்டையை எடுத்தாள். ஒரு குழம்புக்கு உரிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் உரித்துத் தருகிறேன் என்றால் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

களி மட்டும் அதில் வராது. "களிக்கு ரெண்டு கை வேணும். அது போயிட்டுப் போவுது" என்றாள்.

தெருப் பெண்கள் பார்க்க வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி அடிக்கடி வருவாள்.

"என்னக்கா இது, கோழி அடகாக்கறாப்பல மூடி வச்சிருக்கறீங்க?"

"தொறக்காதடி. ஆவி போயிட்டா கொட்ட வேகாது. அப்புறம் உங்க சாரு எனக்கு மார்க்கு கொறச்சிருவாரு."

"சாரே இத்தன நாளு நல்லாத்தான ஆக்கிப் போட்டாரு?"

"ஆமா. ஆறு மாசம் அவரு கொழம்பத் தின்னு நான் மூஞ்சி சுளிச்சன். வாய் ஏற்கெனவே கோணிக் கெடந்துதா, ஒருத்தருக்கும் தெரியல."

பக்கத்து வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. நான் முன்னறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பால் வாங்கப் போனபோது, "என்னங்க சார், உங்க கொழம்பப் பத்தி அக்கா என்னமோ சொன்னாங்களாமே" என்று ஒருத்தர் கேட்டார். வேறு ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணத்தில் கேட்டதும் இல்லை.

அன்று மதியம் அவள் தூங்கும்போது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த ப்ளக்கைத் திறந்தேன். ஒரு ஒயரை முனையிலிருந்து கழற்றி, வெளியே தெரியாமல் மடித்து வைத்து, மறுபடி மூடினேன். ஐந்து நிமிட வேலை. கோபத்தில் கை நடுங்கியது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கும். நடுங்கவில்லை.

மாலையில் அவள் திருகினாள். விளக்கு எரியவில்லை.

"ஏங்க, கரண்டு இல்லியா?"

"கரண்டு இருக்குதே. பெட்டிதான் போயிருச்சாட்டம் இருக்குது."

இரண்டு நாள் கழித்து தருமபுரியில் கடையில் விசாரித்ததாகச் சொன்னேன். பாகம் கிடைக்காதாம் என்றேன். மகள் போனில் வேறு ஒன்று அனுப்புகிறேன் என்றபோது, அம்மாவுக்கும் அலுத்துவிட்டது, வேண்டாம் என்றேன். அம்மா அருகில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

ஆனால் காலையில் எழுந்ததும் சமையலறைக்குப் போவாள். திருகைத் திருப்புவாள். விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மறுபடி பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு வருவாள். ஒருநாள் என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. இன்னைக்காவது எரியுதான்னு பாத்தன்."

ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் பார்த்தாள். அதைச் சரிசெய்வது ஒவ்வொரு நாளும் என் கையில்தான் இருந்தது. இன்று எரியவைத்துவிடலாம், தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வெளியே போனால் யாராவது, "நீங்களே ஆக்கறீங்களா சார் மறுபடியும்?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பேன். பிறகு அவள் சமையலறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தெருப் பெண்கள் வருவதும் நின்றது. முறத்தில் கொஞ்சம் அவரைக்காய் உரிக்காமல் கிடந்து காய்ந்தது. அதை நான்தான் கொட்டினேன்.

சித்திரையில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகப் போய்விட்டது. படுக்கைதான். நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் நம்பிவிடுவேன் என்று பயம்.

மகள் லீவு போட்டு வந்தாள். அம்மாவுக்குக் குழைவாகச் சோறு வேகவைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியைத் துடைத்து எடுத்தாள். எரியவில்லை என்றதும் என்னைக் கேட்காமலே ப்ளக்கைத் திறந்தாள். அவளுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

"அப்பா, ஒயரு முனையில இல்ல. மடிச்சு வச்சிருக்குது. கடைக்காரன் பாக்கலியா?"

"கடையில காட்டல."

"அப்புறம் யாரு கழட்டனது?"

"நான்தான்."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். காரணம் சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவள் ஒயரை முறுக்கி முனையில் செருகி, திருகாணியை மூன்று சுற்றுச் சுற்றி, ப்ளக்கை மூடி மாட்டினாள். விளக்கு எரிந்தது.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க. காதாவது கேக்குதில்ல" என்றாள். ஊருக்குக் கிளம்பும்வரை அவள் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

சொன்னேன். கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழற்றியது, மடித்தது, கடைக்குப் போகாதது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் படிக்க முடியவில்லை. கோணிய வாயில் சுளிப்பு தெரியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

இப்போது பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் வைத்திருக்கிறேன். சாமையோடு அவரைக்கொட்டையும் போட்டு, தண்ணீர் நிறைய விட்டு, மசியும்வரை வேகவைத்து ஊட்டுகிறேன். என் சமையல் இன்னும் அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் கட்டிலையும் மேசையையும் பார்த்துவிட்டு, "உங்களாட்டம் ஒருத்தரு அமையணுங்க சார்" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

பாத்திரத்தை உள்ளே வைத்து மூடியதும் அவளுடைய இடது கையை எடுத்துத் திருகின்மேல் வைக்கிறேன். அந்தக் கையில் இன்னும் பிடி இருக்கிறது. போர்வை ஓரத்தை இறுக்கிப் பிடிக்கிறாள், கொசு உட்கார்ந்தால் தட்டுகிறாள். திருகை மட்டும் திருப்புவதில்லை. முடியவில்லையா, மாட்டேன் என்கிறாளா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். பிறகு அவள் கையை எடுத்துப் படுக்கையில் வைத்துவிட்டு நானே திருப்புகிறேன்.