எனக்கு முந்திய ரேங்க்

கோயமுத்தூருக்குள் இடம் கிடைத்தால் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் பக்கத்தில் ஏதாவது ஒரு பி.எஸ்சி. இது அப்பாவின் தீர்ப்பு. "ஆஸ்டல்ல உட்டுப்போட்டு எங்களால இருக்க முடியாது கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தறிப் பட்டறைக்குப் போய்விட்டார். சூலூரில் எங்கள் வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி. சென்னையில் கவுன்சலிங் நடந்த நாட்களில் தினமும் பேப்பரில் காலியிடப் பட்டியல் வரும். கோவைக் கல்லூரிகளை மட்டும் நோட்டில் எழுதி, என் ரேங்க் வரும்போது எத்தனை மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். டியூஷனில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. ஏழெட்டு மிஞ்சும் என்று முடிவு கட்டினேன். சென்னைக்காரர்கள் நம் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று நினைத்ததுதான் பிசகு.

எங்கள் முறை வந்த அன்று, காத்திருக்கும் கூடத்தின் டிவி திரையில் மத்தியானத்துக்குள் கோவைக்கு ஒரே ஒரு இடம்தான் நின்றது. மெக்கானிக்கல். எனக்கு முந்திய ரேங்க் என் டியூஷன் தோழி, போத்தனூர்க்காரி. அவள் வீட்டிலும் வெளியூருக்கு அனுப்ப மாட்டார்கள்.

அவள் என் கையைப் பிடித்தாள். "ஏம்புள்ள, எனக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் ஆசை. இதை எடுத்துக்கட்டுமா, ரெண்டாவது ரவுண்டுக்கு நிக்கட்டுமா? நீ கணக்குப் போட்டு வெச்சிருப்பியே."

போட்டுத்தான் வைத்திருந்தேன். முதல் சுற்றில் இடம் எடுத்தவர் இரண்டாம் சுற்றுக்கு வர முடியாது. எடுக்காதவர் வரலாம், யாராவது விட்டுப்போன இடம் இருந்தால் கிடைக்கும். உள்ளூரில் கிடைத்ததை யார் விடுவார்கள்? கோவைக்கு நேரே பூஜ்யம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

"நில்லு புள்ள. எலக்ட்ரானிக்ஸ் கண்டிப்பா வரும்" என்றேன்.

அவள் உள்ளே போனாள். திரையில் அந்த ஒன்று அழியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஏமாந்துபோக வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. ஒன்று அழியவில்லை. அவள் வெறுங்கையோடு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் போய் அதை எடுத்துக்கொண்டேன். அவள் தப்பாகவே நினைக்கவில்லை. உனக்கு மெக்கானிக்கல் பிடிக்கும்போல என்றாள்.

அடுத்த சில வாரங்கள் சோறு இறங்கவில்லை. இரண்டாம் சுற்றில், மெடிக்கல் கிடைத்தவர்கள் விட்ட இடங்கள் கொத்தாகத் திரும்பி வந்தன. அவளுக்கு என் கல்லூரியிலேயே எலக்ட்ரானிக்ஸ். அவள் அம்மா ஜாங்கிரியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ சொல்லலீன்னா இவ அவசரப்பட்டு அதையே எடுத்துப்போட்டு வந்திருப்பா அம்மணி."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க புள்ள கணக்குத் தப்பாதுங்க" என்றார். நான் முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து, அவள் தன் தங்கையின் ரேங்க் அட்டையோடு கல்லூரி கேன்டீனுக்கு வந்தாள். "இவளுக்கும் நீயே பாத்துச் சொல்லு."

அட்டையை வாங்க எனக்குக் கை வரவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் சொல்றத நம்பாதே" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எங்க ஊட்டுல இன்னொருத்தி படிச்சா உனக்குப் பொறாமையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். நான் அவளிடம் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான்.