வடையில் பிடித்த வரி

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த நிறுவனத்தின் சம்பளப் பகுதியில் கணக்கர் ஒருவர் இருந்தார். பருத்த உடம்பு. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். கேள்வியோடு வருகிறவர் கையில் என்ன தின்பண்டம் இருக்கிறதோ, அதை வைத்தே எதையும் விளக்குவார்.

நான் கனடாவுக்குப் போன பிறகுதான் பழைய ஓவர்டைம் காசு வந்தது, அதுவும் வரி பிடித்து. விடுமுறையில் வந்தபோது, உளுந்து வடையும் கையுமாகப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"நான் இப்ப இங்க இல்லையே ஐயா, பிறகேன் இங்க வரி?"

"வடை எங்க சுட்டது?"

"வாசல் கடையில."

"கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாலும் இங்க சுட்ட வடைதானே? வேலையும் இங்கதானே செய்தனீங்கள்?" வடையில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டார். "இதுதான் வரி."

"அங்கயும் வரி கேட்டா?"

"ஓம், கேப்பினம். பிய்ச்ச இடத்தைக் காட்டுங்கோ, அந்தளவைக் கழிச்சு விடுவினம்." எப்படிக் காட்டுவது என்று விளக்க இன்னும் கொஞ்சம் பிய்த்தார். பிறகு, வரி பிடித்ததற்கு ஒரு கடிதம் அடித்துத் தந்தார்.

கனடாவில் அதைப் பார்த்துக் கழித்தும் விட்டார்கள். வரிக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மனிதர் வடையை இரண்டு தரம் பிய்த்தார். கடிதம் ஒரு தரத்துக்குத்தான் தந்தார்.