சீனாக்காரம் வைக்காத கதிரை

முகம் எரிந்தால்தான் சேவ் சுத்தம் என்று நம்புகிற தொழில் எங்களுடையது. அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் சலூன். உள்ளே இரண்டு கதிரைகள். ஒன்று முதலாளி இராசன் அண்ணைக்கு, மற்றது எனக்கு. என் கழுத்தில் கரப்பன் என்கிற தோல் நோயும் உண்டு. ஆகவே, சேவ் எடுத்த பிறகு இரண்டு நாள் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறவர்களே, நான் உங்கள் கட்சி.

முதல் கழுத்து என்னுடையது

கத்தியைக் கீழே வைத்ததும் சீனாக்காரக் கட்டியை, அதுதான் படிகாரத்தை, நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்பது எங்கள் சலூன் வழக்கம். அதற்கு மேல் வாசனைத் தண்ணீர், அதற்கும் மேல் பவுடர். எனக்கு அது தீ மிதிப்புத்தான். தோல் டொக்டர் சொன்னதைக் கேட்டு என் முகத்திலேயே மாற்றிச் செய்து பார்த்தேன். இளஞ்சூட்டுத் துவாயால் தாடியை ஊறவிடுவது, வாசனையில்லாத கிறீம், புது பிளேட், தாடி வளர்ந்த பக்கமாகவே ஒரேயொரு இழுவை, பச்சைத் தண்ணீர், துவாயால் தேய்க்காமல் ஒற்றுவது, ஈரம் காய முன்னர் வாசனையில்லாத களிம்பு.

கழுத்து சிவக்கவில்லை. கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றேன், பெருமையாகத்தான் இருந்தது. என் கதிரையில் இனிச் சீனாக்காரம் இல்லை என்று இராசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "ஆக்கள் குறைஞ்சால் சீனாக்காரத்தை எடு, இல்லாட்டிக் கதிரையை விடு."

மாஸ்டரின் சந்தேகம்

ஞாயிறு தேவாலயத்துக்காகச் சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் மிஷன் பள்ளிக்கூடத்து ஓய்வுபெற்ற மாஸ்டர். கரப்பன் கிடையாது, பளிங்குக் கன்னம். நான் சேவ் எடுத்து முடித்தபின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை முதலாளியின் கதிரைக்குப் போய்விட்டார். என்னிடம் சேவ் எடுத்த அன்று அவர் கேட்டது இது: "எரியேல்லையே தம்பி. சேவ் எடுத்தனியோ, இல்லாட்டிச் சும்மா தடவிவிட்டனியோ?"

எடுக்காத சேவ்

நீர்வேலி வாழைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து அமர்ந்தார். கழுத்து வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. இதில் கத்தி வைக்கமாட்டேன், முதலில் டொக்டரிடம் காட்டுங்கள் என்று எழுப்பி அனுப்பினேன். இருந்த ஆளையும் துரத்துகிறானே என்று முதலாளி என்னை முறைத்தார்.

கழுத்து ஆறியதும் அவர் ஒரு வாழைக்குலையோடு வந்தார். பின்னால் இரண்டு உறவினர். "டொக்டரிட்டைப் போகச் சொன்ன சலூன்காரன் நீ ஒருத்தன்தான். உவை ரெண்டு பேருக்கும் உதே கரப்பன், பார்."

மாப்பிள்ளைச் சேவ்

இராசன் அண்ணையின் ஒரே மகன் எப்போதும் தாடிதான். நாகரிகம் என்று ஊர் நினைத்தது. கரப்பன் என்று எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு வழித்த முகம் வேண்டுமென்று அவனே ஆசைப்பட்டான். அதற்கு முதல் நாள் தகப்பனோடு வந்தவன், தகப்பனின் கதிரையைத் தாண்டி வந்து என்னுடையதில் அமர்ந்தான். அண்ணை சீனாக்காரக் கட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். கிறீமை ஒரு கிழமைக்கு முன்னரே அவன் காதுக்குக் கீழே பூசிப் பார்த்திருந்தேன், ஒத்துக்கொண்டிருந்தது. ஆனாலும், நாளைக்கு மணவறையில் அவன் கழுத்துச் சிவந்தால் என் கதிரை போச்சு.

மறுநாள் தாலி கட்டும்போது எல்லோரும் பொம்பிளையைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தேன். ஒரு சிவப்பும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் அண்ணை என் பக்கத்தில் வந்து குந்தி, கொலரைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். உள்ளே என்னுடையதைவிட மோசமான கழுத்து. "திங்கக்கிழமை முதலாவது சேவ் எனக்கு எடு. இவ்வளவு காலமும் எரிஞ்சுகொண்டுதான் கிடந்தது, ஆருக்குச் சொல்லுறது?"

இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே நட்டம், கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் எனக்கு இப்போது ஆட்களின் முகம் நினைவில் நிற்பதில்லை, கழுத்துத்தான் நிற்கிறது.