கொடியடுப்பில் காய்ந்த பூட்ஸ்

எங்கள் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைப் பெரிதாக்கிச் சொல்லத்தான் வரும். எங்கள் மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் மதுரைக்கும் முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் ஒரு காட்டுமாடு குறுக்கே வந்தால், அவர் எங்கள் ஊரான பெருமாள்மலைக்கு வந்து சேர்வதற்குள் அது ஒரு மந்தையாகியிருக்கும். ஆகையால், தன் நாட்டுக்கே பந்தாடிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நம் டீமில் இறங்கப்போகிறார் என்று அவர் அறிவித்தபோது எங்கள் டீக்கடையில் ஒருவரும் அசையவில்லை.

அம்மாதான் போனால் போகிறதென்று, “எந்த நாடுடா?” என்று கேட்டாள்.

“கானாக்கா. ஆப்பிரிக்காவுல இருக்கு.”

அப்பா வடைச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “போன வருசமும் இந்தியா டீம் கோல்கீப்பரக் கூட்டியாறேன்னீங்க மாப்ள. வந்தது வத்தலக்குண்டு தபால்காரரு.”

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. மே மாதம் சீசன் கூட்டம் வரும்போது கொடைக்கானலில் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். மாமாவைக் கேப்டனாகக் கொண்ட எங்கள் ஊர் டீம் ஏழு வருடம் அதில் ஆடி, ஏழு வருடமும் முறையாகத் தோற்றிருந்தது. அந்த முறை என்ன அதிசயமோ, இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். வெளியூர் ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் லாரி வந்து நின்றது. கதவு திறந்து ஒரு கால் இறங்கியது. சற்று நேரம் கழித்துத்தான் மற்றது இறங்கியது. அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். இறங்கியவர் மதுரையில் ஒரு கல்லூரியில் படிக்க வந்தவர். மைதானத்தில் அவர் ஆடுவதை லாரியிலிருந்து பார்த்த மாமா, மூன்று மாதம் விடாமல் கெஞ்சி அழைத்து வந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் உடனே கானா அண்ணன் ஆகிவிட்டார்.

அன்று தூறலிலேயே பயிற்சி நடந்தது. முடிந்ததும் ஊரே கடைக்குள் புகுந்துகொண்டது. அம்மா தோசை மேல் தோசையாக வைக்க, ஏழாவதில் அவர் இலையை மறைத்து, “போதுங்க” என்றார். சுத்தமான மதுரைத் தமிழ்! கடையே கைதட்டியது. பிறகு அவர் தன் கதையை ஆங்கிலத்தில் சொல்ல, டூரிஸ்டுகளிடம் பொறுக்கிய இங்கிலீஷை வைத்து மாமா தமிழில் சொன்னார். கடலோரத்து ஊர். மீன் காயப்போடும் மணலில் வெறுங்காலோடு ஆடிய பிள்ளை. பதினெட்டு வயதில் நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். நான்கு ஆட்டம் ஆடினார், முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல். அதன்பின் அழைப்பு நின்றுபோனது, படிக்க வந்துவிட்டார். இப்போது மறுபடி தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார்.

நான்கு ஆட்டத்தை மாமா நாற்பதாக்கவில்லை. ஒரு கோலை ஒரு கோலாகவே விட்டுவிட்டார். அதைப் பார்த்துத்தான் வந்திருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று எனக்குப் புரிந்தது.

கடைசியில் தன் பூட்ஸைக் காட்டினார். நான்கு ஆட்டத்துக்கும் போட்டது அதுதானாம். தேர்வுக்கும் அதையேதான் போடப்போகிறாராம். ஒன்றை என் மடியில் வைத்தார். சேறு படிந்திருந்தாலும் தோல் கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. பிறகு அவர் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, தானாகக் காயட்டும் என்று மூலையில் வைத்தார்.

சாமியின் பொருளைச் சேறோடு விட யாருக்காவது மனம் வருமா? மறுநாள் வெள்ளனே எழுந்து, குழாயடியில் பார் சோப்புப் போட்டு இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். எங்கள் மலையில் வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது. பள்ளிச் சட்டை, காலுறை, அப்பாவின் குல்லா எல்லாமே அடுப்பங்கரையில்தான் காயும். அடுப்புக்குப் பக்கத்தில் அனல் மட்டும் வரும் கொடியடுப்பின் மேல் பூட்ஸை அடுக்கிவைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன். அதற்குள் அம்மா இட்லிக்கு எழுந்து, பெரிய அடுப்பில் விறகைத் திணித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள்.

திரும்பி வந்தால் ஒரே தோல் வாடை. பூட்ஸின் மூக்கு மேலே வளைந்திருந்தது, அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது, தோல் உப்புக்கண்டமாக இறுகியிருந்தது. இரண்டையும் பழைய மூலையிலேயே வைத்து, செய்தித்தாளை மறுபடி திணிக்கப் பார்த்தேன். உள்ளே இடமில்லை.

“எவ பாத்த வேலை இது? பூட்ஸு கருவாடாக் கெடக்கு!” மாமாவின் அலறலுக்குத் தெருவே ஓடிவந்தது. அம்மா நேராக என்னைப் பார்த்தாள். நான் கரி படிந்த கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். கானா அண்ணன் பூட்ஸை வாங்கி மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பாவாடையைப் பார்த்தார்.

“நான் வச்சேன்,” என்றார். “குளிரு. நான் வச்சேன்.” சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார்.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ தாங்கமுடியாத நிம்மதி. பாவம், இந்த அண்ணனுக்கு எவ்வளவு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கால் அளவுக்குக் கொடைக்கானல் முழுக்கத் தேடியும் பூட்ஸ் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு இறங்கினார். எதிர் டீமில் பதினொரு பேரும் ஆணி வைத்த பூட்ஸ். மழையில் ஊறிய புல்லைப் பார்த்தாலே எங்களுக்குக் கால் விறைத்தது. ஆட்டம் தொடங்கியதும் பனிமூட்டம் இறங்கி மைதானத்தில் பாதியை மூடிக்கொண்டது. பந்தோடு அவர் அதற்குள் போனதைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து, “கோல்!” என்று ஒரு கூச்சல் வந்தது.

அவர்களும் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள். இடைவேளைக்குப் பிறகு மூட்டம் விலகியது, அடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மூன்று பேர் அவரை நெருக்கினார்கள். ஒருவன் பூட்ஸால் அவர் பாதத்தை மிதித்ததும் தெரிந்தது. அவர் நிற்கவில்லை. பந்தை அந்த மிதிபட்ட காலாலேயே மெல்லத் தூக்கினார். கோல்கீப்பர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவன் தலைக்கு மேல் போய் வலைக்குள் இறங்கியது. ஒரு மனிதரால் இப்படிக்கூட ஆகுமா என்று உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் நின்றேன்.

அந்த ஆட்டத்தை இத்தனை வருடங்களில் நூறு தடவையாவது மாமா சொல்லியிருப்பார். ஒரு தடவைகூடக் கூட்டிச் சொன்னதில்லை. கானா அணியின் பெயர்ப்பட்டியல் எந்தப் பேப்பரிலாவது வருகிறதா என்றும் வெகுகாலம் தேடினார். அண்ணன் மறுபடி நாட்டுக்கு ஆடினாரா, அந்தத் தேர்வுக்காவது போய்ச் சேர்ந்தாரா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஜெயித்த அன்று சாயங்காலம் கடை வாசலில் வெடி போட்டார்கள். மாமா கோப்பையைக் கட்டிக்கொண்டு அழுதார். கால் கழுவிக்கொள்ளட்டும் என்று ஒரு செம்பு வெந்நீர் எடுத்துக்கொண்டு நான் குழாயடிக்குப் போனேன். கானா அண்ணன் துவைக்கிற கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மடியில் அந்த இரண்டு பூட்ஸும் இருந்தன. துண்டில் முகத்தைப் புதைத்திருந்தார், தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

பாவம், சமவெளியிலிருந்து வந்தவர், எங்கள் குளிர் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைத்தேன். உள்ளே ஓடி அம்மாவின் கம்பளியை எடுத்துவந்து அவர் முதுகில் போர்த்தினேன். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.

“உள்ள வாங்கண்ணே,” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “அடுப்புகிட்ட ஒக்காந்தா வெரசாச் சரியாயிரும்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “சரிங்க,” என்று சொல்லி, நொண்டிக்கொண்டே என்னோடு வந்தார்.