தண்ணீர் நின்ற மதில்

எங்கள் ஒழுங்கை கோப்பாயில், வயல்வெளியைப் பார்த்தபடி இருக்கிறது. பதினொரு வீடுகள், ஒன்பது மதில்கள். ஐப்பசி இரண்டாவது கிழமை அந்த மதில்களின் அடியில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்ததை முதலில் கண்டவன் நான். நான் மேசன், ஒன்பதில் எட்டு என் கையால் எழும்பியவை. ஒரு புள்ளி நிலத்திலிருந்து நாலு அங்குலம், அடுத்தது ஆறே கால். இவ்வளவு ஒழுங்காக அளந்தவன் கள்ளனாக இருக்க மாட்டான் என்று நினைத்தேன். பிறகு, கள்ளனும் அளக்கலாம் என்று நினைத்தேன்.

பக்கத்து வளவுச் சீவரத்தினம் ஐயா தன் வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, றோட்டு அகலிக்கப் போறாங்கள் போலை. உன்ரை மதிலிலை எத்தினை?"

"மூண்டு."

"என்ரையிலை அஞ்சு. ஆரோ பெட்டிசம் போட்டிருக்கினம்."

'ஆரோ' என்று சொல்லும்போது என் முகத்தைத்தான் பார்த்தார்.

அன்று பின்னேரம் என் சாமான் கொட்டிலைப் பார்த்தேன். மட்டம் பார்க்கிற தண்ணிக் குழாய் சுருட்டியிருந்த விதம் என்னுடையதல்ல. நான் வலமாகச் சுற்றுவேன். அது இடமாகச் சுற்றியிருந்தது. எங்கள் வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

என் தங்கச்சி தக்சாயினி எனக்குப் பதினொரு வயது இளையவள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அவள் உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள். தன் ஏழு வயதில், நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்து குழாயின் மற்றத் தலைப்பைப் பிடிப்பாள். "அண்ணை, தண்ணிக்கு எப்பிடி மட்டம் தெரியும்?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. இப்போது அவளுக்குத் தெரியும்.

கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவில்லை. குணலட்சுமி ரீச்சர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றை மூன்று மாதம் செய்து, என்ன கற்றுக்கொண்டேன் என்று வீட்டாருக்கும் ஊராருக்கும் முன்னால் சொல்ல வேண்டுமாம். ஒருத்தி காளான் வளர்க்கிறாள். இவள், எங்கள் ஒழுங்கையில் விழும் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறாள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு ஒரு புள்ளி.

"மாக்ஸ் எவ்வளவு?"

"மாக்ஸ் இல்லை அண்ணை."

மாக்ஸ், மதிப்பெண் ஒன்றும் இல்லாத வேலையை ஒரு பள்ளிக்கூடம் சும்மா கொடுக்குமா? அவள் அளவு எழுதிய கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். முழுக்க எண்கள்தான்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா அளக்க விடுவினமே?"

விஷயம் இரண்டு நாளில் வெளியே வந்தது. சீவரத்தினம் ஐயா படலைக்கு வந்தார்.

"உன்ரை தங்கச்சி என்ரை எல்லையை அளக்கிறாள். நீதானே அனுப்பினனீ?"

"ஐயா, அது மழைத்தண்ணிக்கு."

"மழைக்கு என்னத்துக்குக் கொப்பி?"

கடைசி அளவுக்கு நான்தான் குழாயைப் பிடித்தேன். ஒழுங்கைத் தண்ணீர் முழுக்கச் சீவரத்தினம் ஐயாவின் வளவுக்குள் இறங்கி, எங்கள் மதிலில் முட்டி நிற்கிறது. முட்டாவிட்டால் எங்கள் வளவுக்கூடாக வயலுக்குப் போய்விடும்.

"அண்ணை, மற்ற ஏழு மதிலிலையும் தண்ணி போக ஓட்டை விட்டிருக்கிறியள். எங்கடையிலை மறந்துபோனியளோ?"

"நான் மறக்கிறவனில்லை."

உண்மையைச் சொன்னேன். தென்னோலைக் கிடுகு வேலி இருந்த காலத்தில் தண்ணீர் தன்பாட்டில் போனது. ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மதிலில் ஓட்டை விட்டால் கதை வேறு. பத்து வருடம் ஓடிய பிறகு, அது தன் வாய்க்கால் என்று காணி உறுதியில் எழுதுவிக்கச் சீவரத்தினம் ஐயா வருவார். அதனால்தான் விடவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "இதை நான் மேடையிலை சொல்லவேண்டி வரும்," என்றாள்.

"ஒரு மதிலெண்டு சொல்லு. எங்கடை மதிலெண்டு ஏன் சொல்லுவான்?"

"மற்ற வீடுகளை எல்லாம் பேரோடை எழுதியிருக்கிறன் அண்ணை."

அப்பா காலமான பிறகு பள்ளிக்கூடப் பத்திரங்களில் பாதுகாவலர் நான். என் கையெழுத்து இல்லாமல் அவள் மேடையேற முடியாது. பத்திரத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். என் வாயாலேயே ஒத்துக்கொண்டதை ஊர் முன்னால் தங்கச்சி சொன்னால், சீவரத்தினம் ஐயாவுக்கு வேறு சாட்சி தேவையில்லை. அவளும் கேட்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.

வியாழன் காலை பெருமழை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சீவரத்தினம் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்படி வாசலில் தனியாக வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைக் கண்டார்.

"என்ன பாக்கிறாய்? இதையும் அளந்து எழுதுங்கோவன்!"

உள்ளே வந்து கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் காணி உறுதியை ஒரு பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, எனக்குப் பின் வரிசையில் இருந்தார். தக்சாயினி தான் கீறிய ஒழுங்கைப் படத்தை விரித்துச் சொன்னாள்.

"எங்கடை ஒழுங்கையிலை ஒரு கேள்வி கேட்டா, ஆர் அனுப்பினது எண்டுதான் முதல் கேப்பினம். அது நான் படிச்ச ஒண்டு. மற்றது, தண்ணி நிக்கிறது எங்கடை மதிலிலை. கட்டினது என்ரை அண்ணை. தெரிஞ்சுதான் ஓட்டை விடேல்லை."

"கேட்டியளோ? பிள்ளையே சொல்லுது!" என்று சீவரத்தினம் ஐயா எழும்பினார்.

"இருங்கோ ஐயா, பிள்ளை முடிக்கட்டும்," என்றார் குணலட்சுமி ரீச்சர்.

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் படத்தில் எங்கள் வீட்டு அளவைத் தேடிப் பார்த்தேன். பதினொன்றே முக்கால் அங்குலம். எனக்காக அவள் கால் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. அப்படி ஒரு தங்கச்சி எனக்கு.

சனிக்கிழமை மதிலில் நாலங்குலக் குழாய் வைத்தேன். அதற்கு முன், இது என் விருப்பத்தில் விடும் வழி, உரிமை அல்ல என்று இரண்டு பிரதி எழுதிக் கொண்டுபோனேன். சீவரத்தினம் ஐயா மூன்று முறை வாசித்தார்.

"சும்மா தாறாய் எண்டா உதிலை ஏதோ கிடக்கு. லோயரிட்டைக் காட்டிப்போட்டுச் சொல்லுறன்."

இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு மழைக்குத் தண்ணீர் குழாயால் வந்து வயலுக்குப் போனது. திங்கட்கிழமை பார்த்தால், குழாயின் தன் பக்கத்து வாயில் கம்பி வலை கட்டியிருந்தார்.

"என்னத்துக்கு ஐயா வலை?"

"உங்காலை, உன்ரை பக்கத்திலை இருந்து என்ன வருமோ, ஆருக்குத் தெரியும்?"