ரெங்கநாதன் அண்ணன் உள்ளே போன தேவாலயம்

காளவாசல் சிக்னலில் நின்றிருந்தபோது, புதிதாக வாங்கிய செல்போனில் செய்தி வந்தது. எங்கள் சுற்றுலாக் குழுவின் சமையல்காரர் ரெங்கநாதன் அண்ணன் காலமாகிவிட்டார். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடித்தால் அடிக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.

மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆட்களை அழைத்துப்போகும் வேலை எனக்கு. ஆல்ப்ஸ் மலையே ஏறினாலும் நம்மவர்களுக்குப் புளியோதரை வேண்டும். அதற்காகவே அண்ணனைக் கூட்டிப்போனோம். சௌராஷ்டிர வீட்டுக் கைப்பக்குவம், சொல்லவா வேண்டும்! விடிவதற்குள் ஹோட்டலில் சமைத்து, ஹாட்பாக்ஸ்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். நாங்கள் மலையுச்சி அரண்மனைகளையும் பழைய தேவாலயங்களையும் பார்த்துத் திரும்பும்வரை, சாப்பாட்டுக்குக் காவலாகப் பஸ்ஸடியிலேயே நிற்பார்.

திரும்பியதும் கேட்பார்: “உள்ள எப்புடி இருந்துச்சு தம்பி?” நானும், “பெருசா இருந்துச்சுண்ணே” என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவேன். நான்கு வருடம் இதே பதில். எனக்கெல்லாம் நாக்கு இருந்து என்ன புண்ணியம்?

ஐந்தாம் வருடம், ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரைத் தேவாலயம். கூட்டம் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தது. அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஒருவாட்டி நானும் உள்ள போயிட்டு வந்துர்றேனே.”

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். “நிதானமாப் பாருங்கண்ணே. சாப்பாட்ட நான் பாத்துக்கிறேன்.”

பரிமாறி முடித்தும் ஆளைக் காணோம். தேடிப் போனேன். தேவாலய வாசலில், பனியில், அவருடைய கறுப்பு ஷூக்கள் ஜோடியாக இருந்தன. சாமி இருக்கும் இடத்துக்குக் கழற்றாமல் போவாரா? அங்கே யாரும் கழற்றுவதில்லை என்று சொல்லிவிட எனக்குத்தான் தோன்றவில்லை. உள்ளே, ஜில்லிட்ட கல்தரையில் சாக்ஸோடு நின்று, கூரை முழுக்கத் தீட்டியிருந்த வானத்தையும் தேவதூதர்களையும் கைகூப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ முறை நான் நுழைந்து வந்த இடம் அது. அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

“எம்புட்டு ஒசரம் தம்பி,” என்றார். “படுத்துக்கிட்டேதான வரைஞ்சிருப்பான்? அவன் கழுத்து என்னாத்துக்கு ஆயிருக்கும்?” கண்கள் கலங்கியிருந்தன. “இதப் போயி பெருசுன்னு மட்டும் சொன்னீகளே.”



நேற்று மயானத்திலிருந்து திரும்பியபோது அவர் வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். ஓரத்தில் அந்தக் கறுப்பு ஷூக்களும் இருந்தன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் காலையிலிருந்து பட்டினி. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே கரண்டியை எடுத்துக்கொண்டேன்.

நிதானமாப் பாருங்கண்ணே. சாப்பாட்ட நான் பாத்துக்கிறேன்.