ராசியான கையும் பதினோரு பக்க ஒப்பந்தமும்

1. நிற்காமல் தாண்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம், ஒருவரைப் படிக்கவிடாமல் செய்வது எப்படி என்பதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். வெளியூர் கம்பெனி ஒன்று எழுதிய சாஃப்ட்வேர் பேக்கேஜ்களை வாங்கி, சுற்றுவட்டாரத்து மில்களுக்கும் பண்ணைகளுக்கும் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து, நாலு நாள் கூட இருந்து பழக்கிவிட்டு வருவது எங்கள் தொழில். என் வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வாங்குகிறவர்கள், எங்கள் பாஷையில் பார்ட்டிகள், என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலாளி சுந்தரம் சார் ஃப்ளாப்பியைச் சொருகி இன்ஸ்டால் செய்து காட்டினார். கறுப்புத் திரை நிறைய வெள்ளை எழுத்து. அத்தனையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், பத்தி பிரிக்காமல். லைசென்ஸ் அக்ரிமென்ட் என்றார். மொத்தம் பதினோரு பக்கம். பேஜ் டவுன் தட்டினால் அடுத்த பக்கம் வரும், பேஜ் அப் தட்டினால் ஒன்றும் வராது. போனது போனதுதான். ஒரே பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றால் இன்ஸ்டலேஷன் அறுந்து, முதல் ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். பிரிண்ட் எடுக்க வழியில்லை. கடைசியில் சம்மதமா என்று கேட்கும். ஒய் (Y) அமுக்கினால் உள்ளே விடும். என் (N) அமுக்கினால் வெளியே தள்ளும். படிக்கக் கூடாது என்றே உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இங்க பாரும்மா, பார்ட்டி இதைப் படிக்க ஆரம்பிச்சா கேள்வி கேப்பாங்க. கேட்டா நமக்குப் பதில் தெரியாது. காப்பி நல்லா இருக்குதுன்னு சொல்லு, ஊர்ல மழை உண்டான்னு கேளு. பேசிட்டே தட்டிட்டுப் போயிரோணும்."

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

"நான் எதுக்கும்மா படிக்கோணும்?"

இரண்டாவது பாடம், ஒய் பட்டனை நம் கையால் அமுக்கக் கூடாது. அதற்கு ஆபீஸில் நல்ல ஏற்பாடு ஒன்று பழக்கத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் புதுக் கம்ப்யூட்டர் வந்தால் பூஜை இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், கீபோர்டுக்கு ஒரு முழம் பூ, கீழே எலுமிச்சம்பழம். பதினோரு பக்கத்தையும் நாங்கள் தாண்டி வைத்துவிட்டு, "நல்ல நேரத்துல ஊட்டுல ராசியான கை யாருதோ அவுங்க ஒரு தட்டுத் தட்டட்டுங்க" என்போம். பார்ட்டிக்குப் பரம சந்தோஷம். வீட்டுப் பெண் யாராவது வந்து சாமி கும்பிட்டுவிட்டு ஒய் அமுக்குவார். ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாது. விளக்கு ஏற்றி வைத்ததைப் போல நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. எத்தனை இன்ஸ்டலேஷன் செய்திருப்பேனோ, கணக்கு இல்லை. நானும் ஒரு தடவைகூட அந்தப் பதினோரு பக்கத்தைப் படித்ததில்லை.

2. மல்லிகா படிக்கத் தொடங்கினாள்

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. உரிமையாளர் பழனிச்சாமி ஐயா, அறுபது வயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். தீவனக் கலவைக்கான பேக்கேஜ் கேட்டிருந்தார். மக்காச்சோளம், புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் என்று கையில் இருக்கும் சரக்கையும், ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்பதையும் போட்டால், எதை எத்தனை கிலோ கலக்கவேண்டும் என்று அது பிரிண்ட் கொடுக்கும்.

அந்த வீட்டில் ராசியான கை மருமகள் மல்லிகாவுடையது. கலியாணமாகி வந்து மூன்று வருஷம். அவள் வந்த பிறகுதான் பண்ணை இரண்டு ஷெட்டிலிருந்து ஐந்து ஷெட் ஆனது என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஒவ்வொரு புது ஷெட்டிலும் முதல் குஞ்சை எடுத்து விடுவது அவள்தான். கம்ப்யூட்டரை இயக்கப்போவதும் அவளே. பி.எஸ்ஸி. படித்துவிட்டு முட்டை எண்ணிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பதை, அவள் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு வைத்திருந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அன்று பூஜை முன்கூட்டியே முடிந்துவிட்டது. நான் இன்னும் பக்கங்களைத் தாண்டியிருக்கவில்லை. மல்லிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். மானிட்டர் கண்ணாடியில் வழிந்திருந்த சந்தனத்தை விரலால் துடைத்துவிட்டுப் படித்தாள். அதுவரை எந்தப் பார்ட்டியும் செய்யாத காரியம். நான் அவசரமாக நாலைந்து தட்டுத் தட்டினேன். அவள் விடவில்லை.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. இதுல காலியா உடறதப் பத்தி என்னமோ போட்டிருக்குதுங்களே."

"அது எல்லாத்துலயும் வர்றதுதானுங்க. ஒண்ணுமில்லீங்க."

"ஒரு நிமிசமுங்க அக்கா."

பின்னால் நின்ற பழனிச்சாமி ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போகுது அம்மணி. டீச்சரே சொல்றாங்கல்ல, அமுத்திப்போடு கண்ணு."

நான் மீதியைத் தாண்டினேன். அவள் ஒய் அமுக்கினாள். எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

அடுத்த நாலு நாளும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரு தரம் காட்டினால் போதும். கருவாட்டுத் தூள் வரிசைக்கு வந்தபோது நின்றாள். லேப் ரிப்போர்ட்டில் புரோட்டீன் எவ்வளவு என்று இருந்தது, உப்பு எவ்வளவு என்று இல்லை.

"இந்தக் கட்டத்துல என்னங்க போடறது?"

"தெரியாததைக் காலியா விட்டுப்போடுங்க. அதுவே பாத்துக்கும்."

மேனுவலில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. நானாகத்தான் சொன்னேன். மூன்று நாலு பண்ணைகளில் அப்படியே சொல்லியிருந்தேன். அங்கெல்லாம் கருவாடு போடவில்லை, அதனால் பிழைத்தார்கள்.

3. தண்ணீர் குடித்த குஞ்சுகள்

ஒரு மாதம் கழித்து ஆபீஸுக்குப் போன் வந்தது. குஞ்சு ஷெட்டில் சாவு. போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

குஞ்சுகள் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. குடித்துக்கொண்டே இருந்தன. குடித்துவிட்டு இரண்டு அடி நகர்ந்து, வயிறு உப்பிச் சாய்ந்தன. தரையில் பரப்பியிருந்த உமி சொதசொதவென்று நனைந்து கிடந்தது. இரண்டு பெண்கள் கூடையில் பொறுக்கிப் பொறுக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். மூன்று நாளில் மூவாயிரம் குஞ்சும் போயிற்று.

கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு உப்பு என்றார். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டதால் பேக்கேஜ் அதில் உப்பே இல்லை என்று எடுத்துக்கொண்டு, முழு அளவு உப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது.

"கருவாடு போட்டா உப்பக் கொறைக்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க டீச்சர்," என்றார் பழனிச்சாமி ஐயா. "முப்பது வருசமாக் கையளவுல போட்டவன். கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு உட்டுப்போட்டேன்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மல்லிகா ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவேண்டாம் என்று மாமியார் சொல்லியிருந்தார்.

4. பஸ்ஸில் படித்தது

கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். பதிலாக ஒரு லெட்டரும், அக்ரிமென்ட்டின் பதினோரு பக்க நகலும் வந்தன. ஏழாம் பக்கத்தில் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

சுந்தரம் சார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒய் யாரு அமுத்துனது?"

"மருமகப் பொண்ணுங்க சார்."

"நீ தொடலையே?"

"இல்லீங்க."

"அப்பச் சரி. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு."

பல்லடம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதைப் படித்தேன். இரண்டு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு நீண்டது. பாதிச் சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் கோடு போட்ட வரி தெளிவாகவே இருந்தது. காலியாக விடப்படும் எந்தக் கட்டத்தையும் பேக்கேஜ் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும், சரியான அளவைக் கண்டுபிடித்துப் போடுவது உபயோகிப்பவரின் பொறுப்பு, விளைவுகளுக்குக் கம்பெனி பொறுப்பல்ல. அவ்வளவுதான். மேனுவலின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கவேண்டிய எச்சரிக்கையை, யாரும் நிற்காத இடத்தில் புதைத்து வைத்திருந்தார்கள். அதையும் ஒருத்தி தோண்டி எடுக்கப் பார்த்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். சூலூர் தாண்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா, ஊரில் ஏதாவது துக்கமா என்று கேட்டார்.

பண்ணையில் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருந்தது. தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னார் பழனிச்சாமி ஐயா. ஏழாம் பக்கம் வரை சொன்னேன். போதும் என்று கையைக் காட்டினார்.

"இது கம்ப்யூட்டர்லயே இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க."

"அதப் பாக்காமயா அமுத்துனது?"

நான் வாயைத் திறந்திருக்கவேண்டிய இடம் அது. படிக்கவிடாமல் செய்தது நான், காலியாக விடச் சொன்னதும் நான் என்று இரண்டே வரி. வேலை போய்விடும் என்று பயந்தேன். தம்பி படிப்பு என் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. மல்லிகா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தானுங்க மாமா அமுத்துனேன்," என்றாள்.

5. புது ஷெட்

இரண்டு மாதம் தாங்கமுடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே பஸ் ஏறிப் போனேன். அன்று அங்கே புது ஷெட்டுக்குப் பூஜை. எனக்குத் தெரியாது.

பழனிச்சாமி ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவசரப்படுத்தியது, காலியாக விடச் சொன்னது, லெட்டர் கொண்டுவந்த அன்று வாயடைத்துப் போனது. கடைசிவரை கேட்டார்.

"நீங்க மெனக்கெட்டு வந்து சொல்றீங்க பாருங்க, அது பெரிய மனசுங்க. ஆனா ராசிங்கறது வேறயிங்க டீச்சர். அது படிச்சதால வர்றதுமில்லீங்க, படிக்காததால போறதுமில்லீங்க. இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்."

மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. அந்த மரியாதையில் எந்தப் பக்கம் முட்டினாலும் கதவு இல்லை.

முதல் குஞ்சை எடுத்து விட்டது இளைய மகனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். பதினெட்டு வயது இருக்கும், பயந்து பயந்து குஞ்சைப் பிடித்தாள். மல்லிகா பின்னால் பந்திக்கு இலை கழுவிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் மேல் பழைய வேட்டி போர்த்தியிருந்தது.

அவளிடமும் போய்ச் சொன்னேன், ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று. இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க அக்கா," என்றாள். பிறகு, "சாப்பிட்டுப் போட்டுப் போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எந்தப் பார்ட்டியிடம் போனாலும், தமிழில் எழுதி டைப் அடித்து வைத்திருந்த பதினோரு பக்கத்தையும் முதலில் வாசித்துக் காட்டினேன். முக்கால் மணி நேரம் பிடிக்கும். மூன்று பார்ட்டிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதும் சுந்தரம் சார் என்னை அனுப்பிவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்து மல்லிகாவைக் கைவிட்டேன், அதே வேலை ஆறு மாதத்தில் போனது. வேறு இடத்தில் சேர்ந்து தம்பியைப் படிக்க வைத்தேன், அது வேறு கதை.

இந்தத் தொழிலுக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் எதிரில் ஒருவர் திரையை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தால், காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். நல்ல நேரம் போனால் போகட்டும்.